மணிக்கு 101 ரூபாய்

விருதுநகர் மாவட்டத்தில் 'ஆபீஸ்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ் என்றால் ஆலை. மருந்து கலப்பது, திரி வைப்பது, பெட்டி அடைப்பது எல்லாம் அங்கேதான். இன்னொரு ஆபீஸில் மேசை, நாற்காலி, மின்விசிறி இருக்கும். "ஆபீஸ்ல வேலை கிடைச்சிருக்கும்மா" என்று ஒரு பெண் வந்து சொன்னால், "எந்த ஆபீஸ்?" என்று அம்மா கேட்பார். மேசை ஆபீஸ் என்று தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி வராது. இந்த வட்டாரத்தில் பாதுகாப்பான வேலை என்றால் முதல் அர்த்தம், மருந்துக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை என்பது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டி ஆலை விபத்தில் 38 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். வெடிச்சத்தம் கேட்டு உதவ ஓடியவர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம்: 20 பேருக்கு மேல். இந்தத் தேதிகளை மனப்பாடமாக வைத்திருக்கும் ஊர்க்காரர்களுக்கு, மேசை வேலை வேண்டாம் என்று ஒரு பிள்ளை சொன்னால் அது திமிராகத்தான் தெரியும்.

திமிரா, விவேகமா என்பதைக் கோபத்தால் தீர்க்க முடியாது. பேரேடு எழுதிப் பழகிய வியாபார ஊர் விருதுநகர். இந்தக் கேள்வியையும் பற்று, வரவு என்று எழுதிப் பார்க்கலாம்.

மாதிரிக்கு ஒருவர்

விருதுநகருக்கு அடுத்த மல்லாங்கிணறு பேரூராட்சியில், 24 வயதுப் பட்டதாரிப் பெண் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பி.காம். முடித்தவர். அரசுத் தேர்வுக்குப் படிக்கிறார். சிவகாசியில் ஒரு பட்டாசு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 15,000 ரூபாய்க்கு வேலை தருகிறார்கள். சேர்ந்தால் படிக்க நேரம் இருக்காது. சேராவிட்டால் கையில் காசு இருக்காது. சம்பளம், பஸ் செலவு, படிக்கும் நேரம் ஆகிய மூன்றும் நான் வைத்த அனுமானம். அவரவர் எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். மற்ற எண்கள் அரசும் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையமும் வெளியிட்டவை.

முதல் பக்கம்: அந்த 15,000 உண்மையில் எவ்வளவு?

முழுச் சம்பளத்துக்கும் பி.எஃப். பிடிப்பதாக வைத்தால், 12 விழுக்காடு 1,800 ரூபாய். இ.எஸ்.ஐ. 0.75 விழுக்காடு, அதாவது 113 ரூபாய். கையில் வருவது 13,087. மல்லாங்கிணற்றிலிருந்து விருதுநகர் வரை டவுன் பஸ் கிடைத்தால் பெண்களுக்குக் கட்டணமில்லை. விருதுநகரிலிருந்து சிவகாசி புறநகர் பஸ்ஸில் டிக்கெட் உண்டு. போகவர நாளைக்கு 60 ரூபாய் என்றால் 26 நாளுக்கு 1,560. மிச்சம் 11,527.

இத்தோடு கணக்கை மூடுகிறவர்கள்தான் அதிகம். "பன்னிரண்டாயிரத்துக்கா இத்தனை அலைச்சல்?" என்ற கேள்வியும் இங்கேதான் பிறக்கிறது. ஆனால் பி.எஃப்.பில் தன் பங்கு 1,800 எங்கும் போய்விடவில்லை. முதலாளி பங்கும் 1,800. அதில் 1,250 ஓய்வூதிய நிதிக்கும் 550 சேமிப்புக்கும் போகும். இரண்டு பங்கும் சேர்த்து 3,600. ஆக, வேலையை மறுக்கும் ஒவ்வொரு மாதமும் இழப்பது:

கைக்கு வரும் மிச்சம்: 11,527
பி.எஃப். இரு பங்கு: 3,600
மொத்தம்: 15,127

ஒரு வருஷத்துக்கு 1,81,524 ரூபாய்.

இன்னொரு வரவு உண்டு, எண்ணாக எழுத வராது. இ.எஸ்.ஐ. அட்டை வந்தால், வருமானமில்லாமல் பிள்ளையை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் அதில் மருத்துவம் பார்க்கலாம். சிவகாசியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு முழங்கால் வலி என்று இருக்கும் வீட்டில், 113 ரூபாய் பிடித்தம் மாதா மாதம் எவ்வளவு மருந்துச் செலவைத் தாங்கும் என்பதை அந்த வீட்டு மருந்துக்கடை ரசீதுகள்தான் சொல்லும். பழைய ரசீதுகளை எடுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

பாதுகாப்பு என்ற சொல்லிலும் கொஞ்சம் கழிக்க வேண்டும். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசை மட்டும் அனுமதித்து, சரவெடிக்கும் பேரியம் உப்புகளுக்கும் தடை போட்டது. அந்தத் தீபாவளி முடிந்ததும் மூடிய சிவகாசி ஆலைகள் மாதக்கணக்கில் திறக்கவில்லை. ஆலை மூடினால் மேசையும் காலிதான். பன்னிரண்டு மாதச் சம்பளம் என்று எழுதும்போது, இந்தத் தொழிலில் ஒன்பது மாதமாகச் சுருங்கிய வருஷமும் வரலாம் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் பக்கம்: மறுத்தால் என்ன வாங்குகிறோம்?

காசைக் கொடுத்தால் பண்டம் வர வேண்டும். மாதம் 15,127 கொடுத்து அந்தப் பெண் வாங்குவது நேரம்.

வேலைக்குப் போகாமல் படித்தால் நாளைக்கு 9 மணி நேரம், 26 நாளுக்கு 234 மணி. வேலைக்குப் போய்க்கொண்டே படித்தால் இரவில் 2 மணி நேரம், 26 நாளுக்கு 52. ஞாயிறு நான்குக்கு எட்டெட்டு மணி, 32. மொத்தம் 84. வித்தியாசம் மாதம் 150 மணி நேரம்.

15,127-ஐ 150-ஆல் வகுத்தால் மணிக்கு 101 ரூபாய்.

வேலையை மறுத்துவிட்டுப் படிக்கும் கூடுதல் நேரத்தின் விலை அது. காலையில் எழுந்து நான்கு மணி நேரம் கைப்பேசியில் போனால், அன்றைக்கு 404 ரூபாய் கரைந்தது. தேர்வெழுத விண்ணப்பிக்கும் கட்டணம் 100 ரூபாய். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைப் பதிவு 150. அரசுத் தேர்வு மலிவான பண்டம் என்று நாம் நினைப்பது இந்த 100, 150-ஐப் பார்த்துத்தான். பயிற்சியும் காசில்லாமல் கிடைக்கிறது. மாவட்ட வேலைவாய்ப்பு மையத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் கட்டணமில்லை. நூலகத்திலும் கட்டணமில்லை. செலவெல்லாம் படிக்கிறவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் இருக்கிறது. அதற்கு ரசீது கிடையாது என்பதால் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

மூன்றாம் பக்கம்: எதற்காகக் காத்திருக்கிறோம்?

"கால் காசு உத்தியோகம்னாலும் கவர்மெண்ட் உத்தியோகம்" என்பார்கள். அந்தக் கால் காசை எண்ணிப் பார்ப்போம். குரூப் 4 தேர்வில் இளநிலை உதவியாளர் பதவிக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,500. 2025 ஜூலை முதலான அகவிலைப்படி 58 விழுக்காடு, 11,310. இரண்டும் சேர்த்து 30,810. வீட்டு வாடகைப்படி தனி. 2003 ஏப்ரல் முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை. பங்களிப்புக்காகப் பத்து விழுக்காடு, 3,081 ரூபாய் பிடிப்பார்கள். இரண்டு சம்பளத்தையும் பிடித்தத்துக்கு முன் ஒப்பிட்டால் சிவகாசி மேசையைவிட மாதம் 15,810 அதிகம்.

பண்டம் நல்ல பண்டம்தான். எத்தனை பேர் கேட்கிறார்கள்?

2022 குரூப் 4: அறிவித்த இடம் 7,301. விண்ணப்பம் சுமார் 22.02 லட்சம். இடம் ஒன்றுக்கு 302 பேர்.
2024 குரூப் 4: இடம் 6,244. விண்ணப்பம் 20.37 லட்சம். இடம் ஒன்றுக்கு 326 பேர்.
2025 குரூப் 4: இடம் 3,935. விண்ணப்பம் 13.89 லட்சம். இடம் ஒன்றுக்கு 353 பேர்.

விண்ணப்பம் எட்டு லட்சம் குறைந்தும் நெரிசல் கூடியிருக்கிறது. காரணம் இடங்கள் இன்னும் வேகமாகக் குறைந்ததுதான். ஆனால் இந்த எண்களைப் பார்த்துப் பயந்துவிடவும் கூடாது. அறிவிப்புக்குப் பிறகு இடங்களைக் கூட்டுவது வழக்கம்: 2022-இல் பத்தாயிரத்தைத் தாண்டியது, முடிவு வருவதற்கு முன்பே 2024-இல் 8,932 ஆனது, 2025-இல் 4,662 ஆனது. விண்ணப்பித்த எல்லோரும் தேர்வெழுத வருவதுமில்லை. 2024-இல் எழுதியவர்கள் 15.8 லட்சம், 2025-இல் 11.48 லட்சம். இப்படிக் கூட்டிய இடங்களால் எழுதியவர்களை வகுத்தால் 2024-இல் இடம் ஒன்றுக்கு 177 பேர், 2025-இல் 246 பேர். பயிற்சி நிலைய விளம்பரம் ஒரு எண்ணைச் சொல்லும், பக்கத்து வீட்டு மாமா வேறொன்றைச் சொல்வார். இரண்டும் உண்மைதான், வகுக்கும் எண்கள்தான் வேறு.

குரூப் 2, 2ஏ இன்னும் குறுகலான வாசல். 2022-இல் 5,529 இடத்துக்கு 11.78 லட்சம் விண்ணப்பம். 2025-இல் முதலில் அறிவித்தது 645 இடம், விண்ணப்பம் 5.53 லட்சம். இடம் ஒன்றுக்கு 857 பேர்.

நான்காம் பக்கம்: எத்தனை பேரில் எத்தனை பேர் கூடுதலாகத் தேற வேண்டும்?

இந்த இடத்தில்தான் வீடுகளில் வாக்குவாதம் தடம் மாறுகிறது. "படிச்சா கிடைக்கும்" என்கிறது பிள்ளை. "இருநூறு பேர்ல ஒருத்தருக்குத்தான்" என்கிறது வீடு. மறுக்க வேண்டுமா என்ற கேள்விக்கு இரண்டுமே பதில் இல்லை. வேலையில் சேர்ந்துவிட்டும் அதே தேர்வை எழுதலாம், அதற்கும் ஒரு வாய்ப்பு உண்டு. மறுப்பதால் அந்த வாய்ப்பு எவ்வளவு கூடுகிறது என்பதுதான் கேட்க வேண்டியது.

கணக்கு இப்படி. ஒரு வருஷம் மறுத்தால் செலவு 1,81,524. குரூப் 4 கிடைத்தால் மாதம் 15,810 கூடுதல். ஐந்து வருஷத்துக்கு 9,48,600. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 19 விழுக்காடு. அதாவது இந்தப் பெண்ணைப் போலவே படிப்பும் திறமையும் உள்ள நூறு பேர் வேலையை மறுத்துவிட்டுப் படித்தால், வேலை பார்த்துக்கொண்டே எழுதியிருந்தால் தேறியிருக்கக்கூடியவர்களைவிட 19 பேர் அதிகமாகத் தேற வேண்டும். அப்போதுதான் செலவும் வரவும் சரிக்குச் சரி.

ஐந்து வருஷம் ஏன், அரசு வேலை ஆயுள் முழுக்க இல்லையா என்று கேட்கலாம். நியாயம்தான். இருபது வருஷத்துக்குப் போட்டால் கூடுதல் வரவு 37,94,400. தேவைப்படும் கூடுதல் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்குள் இறங்கிவிடுகிறது. ஆனால் இருபது வருஷத்தில் தனியார் சம்பளமும் அங்கேயே நிற்காது. எத்தனை வருஷத்துக்குப் பார்க்கிறோம் என்பதை மாற்றி இந்தக் கணக்கை எந்தப் பக்கமும் சாய்க்கலாம். ஆகவே ஆசை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்து வருஷத்தை எடுத்துக்கொள்ளாமல், இரண்டையும் எழுதிப் பார்க்க வேண்டும்.

5 முதல் 19 விழுக்காடு வரை வாய்ப்பு கூடுவது யாருக்கு நடக்கும்? முதல் தடவை எழுதப் போகிறவருக்கு இதற்குப் பதில் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஏற்கனவே எழுதியவரிடம் ஒரு காகிதம் இருக்கிறது: அவருடைய மதிப்பெண்ணும் தரவரிசையும். குரூப் 4-இல் 200 கேள்வி, கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண், மொத்தம் 300. தன் பிரிவுக்குக் கடைசியாக இடம் கிடைத்த மதிப்பெண்ணுக்கும் தன் மதிப்பெண்ணுக்கும் 6 வித்தியாசம் என்றால் நான்கு கேள்வி. அவருக்கு மாதம் 150 மணி கூடுதல் நேரம் உண்மையில் வாசலைத் திறக்கக்கூடும். வித்தியாசம் 60 என்றால் நாற்பது கேள்வி. அவருக்கு இந்த வருஷம் மட்டுமல்ல, அடுத்த வருஷமும் போதாமல் போகலாம். நான்கு கேள்விக்காரரும் நாற்பது கேள்விக்காரரும் ஒரே நூலகத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே விலையைக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஐந்தாம் பக்கம்: தேர்வுக்கு முன், தேர்வுக்குப் பின்

வேலையை மறுக்கிறவர்கள் பொதுவாக முழு வருஷத்தை மறுக்கிறார்கள். நாட்காட்டியைப் பிரித்துப் பார்த்தால் வேறு செய்தி கிடைக்கிறது.

2022: அறிவிப்பு மார்ச் 30, தேர்வு ஜூலை 24. இடையில் 116 நாள். முடிவு 2023 மார்ச் 24. காத்திருப்பு 243 நாள்.
2024: அறிவிப்பு ஜனவரி 30, தேர்வு ஜூன் 9. 131 நாள். முடிவு அக்டோபர் 28. காத்திருப்பு 141 நாள்.
2025: அறிவிப்பு ஏப்ரல் 25, தேர்வு ஜூலை 12. 78 நாள். முடிவு அக்டோபர் 22. காத்திருப்பு 102 நாள்.

தேர்வு முடிந்த மறுநாளிலிருந்து அந்தத் தேர்வுக்காகப் படிக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் "ரிசல்ட் வரட்டும்" என்று உட்கார்ந்திருப்பதற்கும் மாதம் 15,127 விலை ஓடிக்கொண்டேதான் இருக்கும். 2022-இல் எழுதியவர் முடிவு வரும்வரை இப்படி உட்கார்ந்திருந்தால் எட்டு மாதம், 1,21,016 ரூபாய். அந்தப் பணத்துக்கு ஒரு கேள்விகூடக் கூடுதலாகச் சரியாகாது. குரூப் 2 இன்னும் நீளம். 2022 பிப்ரவரி 23-இல் அறிவிப்பு, மே 21-இல் முதல்நிலைத் தேர்வு, நவம்பர் 8-இல் அதன் முடிவு, 2023 பிப்ரவரி 25-இல் முதன்மைத் தேர்வு, 2024 ஜனவரியில் முடிவு. ஏறக்குறைய 23 மாதம். இந்தக் காலம் முழுக்க வேலையில்லாமல் இருந்தால் 3,47,921 ரூபாய்.

ஆக, மறுக்கத் தகுந்த நாட்கள் என்று ஏதாவது இருந்தால் அவை அறிவிப்புக்கும் தேர்வுக்கும் இடையில்தான். மற்ற நாட்களை மறுப்பது பழக்கம்.

ஆறாம் பக்கம்: யார் கணக்கில்?

பேரேட்டில் தொகைக்கு எதிரே பெயர் இருக்க வேண்டும். இதுவரை எழுதியதில் அது இல்லை. மறுக்கும் மாதம் 15,127 ரூபாயை அந்தப் பெண் கொடுக்கவில்லை, அவரிடம் இல்லை. வேறு யாரோ கொடுக்கிறார்கள்.

அளவுகோலுக்கு நூறு நாள் வேலைக் கூலியை எடுத்துக்கொள்கிறேன். மல்லாங்கிணறு பேரூராட்சி என்பதால் ஊருக்குள் அந்த வேலை கிடையாது, சுற்றியுள்ள ஊராட்சிகளில்தான். ஆனாலும் அரசு அச்சிட்டுக் கொடுத்த எண் அது: 2025-26-இல் தமிழ்நாட்டுக்கு நாளைக்கு 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42.

பிள்ளையின் கூடுதல் படிப்பு மணிக்கு 101 ரூபாய். 42 ரூபாய்க் கூலிக்கு அம்மா போகிறார் என்றால், அதற்கு ஈடுகட்ட அவர் 2 மணி 24 நிமிடம் வேலை செய்ய வேண்டும். ஒரு வருஷ மறுப்பு 540 நாள் கூலி. வருஷத்துக்கு நூறு நாள் முழுசாகக் கிடைத்தாலும் ஏறக்குறைய ஐந்து வருஷம் ஐந்து மாதத்துக் கூலி.

வரவு பின்னால் வரும், 15,810 கூடுதலாக, இருபது வருஷத்துக்கு. அது பிள்ளையின் பெயரில் வரும். செலவு இந்த வருஷமே போகும், அம்மாவின் பெயரில். இரண்டு பெயரையும் ஒரே வீடு என்று சேர்த்து எழுதிவிட்டால் கணக்கு நேராகிவிடும். ஆனால் அந்த 540 நாளும் வெயிலில் குனிந்தவர் முதுகு ஒன்றுதான்.

கும்பகோணத்துக் கணக்கர் ஒருவர்

பாதுகாப்பான வேலையை விட்டவர்களில் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் ராமானுஜன். "கிளார்க் வேலையை உதறிவிட்டுக் கணிதத்துக்குப் போனார்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். எண்களைப் போட்டுப் பார்த்தால் உதறியதாகத் தெரியவில்லை.

கணிதத்தைத் தவிர வேறெதையும் படிக்காமல் கல்லூரித் தேர்வில் தோற்றவர். நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் கொஞ்ச காலம் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். இன்னொருவர் கையை எதிர்பார்த்து வாழ்வது ராமானுஜனுக்கே பிடிக்கவில்லை. 1912 மார்ச் 1-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்குப் பிரிவில் சேர்ந்தார். கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு அந்தப் புகழ்பெற்ற கடிதத்தை 1913 ஜனவரியில் எழுதியபோது அவர் வேலையில்லாதவர் அல்ல. தன் சம்பளத்தையும் குறிப்பிட்டே எழுதிய குமாஸ்தா. 1913 மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய், இரண்டு வருஷத்துக்கு என்று உதவித்தொகை கொடுத்த பிறகுதான் அந்த மேசையை விட்டு எழுந்தார். 30-இலிருந்து 75, இரண்டரை மடங்கு. 1914 மார்ச் 17-இல் கப்பலேறியபோது பல்கலைக்கழகம் கொடுத்தது ஆண்டுக்கு 250 பவுண்டு. அதில் 50 பவுண்டு ஊரில் குடும்பத்துக்கு என்று ஒதுக்கப்பட்டது. அன்றைய மாற்றில் பவுண்டுக்கு 15 ரூபாய். வருஷம் 750, மாதம் 62 ரூபாய் 8 அணா.

துறைமுகத்தில் அவர் வாங்கிய முழுச் சம்பளத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் கும்பகோணத்துக்குப் போகும் என்று உறுதியான பிறகு அவர் கடல் கடந்தார். கணிதத்தில் அவர் துணிந்தது வேறு விஷயம். பேரேட்டில் செலவுக்கு எதிரே இந்தக் கட்டம் ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் எழுதியிருக்கிறது: ராமச்சந்திர ராவ், துறைமுகக் கழகம், பல்கலைக்கழகம். அந்த இடத்தில் அம்மா கோமளத்தம்மாளின் பெயர் இல்லை.

மல்லாங்கிணற்றிலேயே ஓர் உதாரணம் உண்டு. கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியன் இந்த ஊர்க்காரர். சென்னை ராணி மேரிக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர், அந்த அரசுப் பணியை விட்டு எழுத்துக்கும் அரசியலுக்கும் வந்தார், 2019-இலும் 2024-இலும் தென்சென்னை மக்களவை உறுப்பினரானார். அரசியல் குடும்பத்துப் பின்னணி இருந்தது என்பது உண்மை. நம் கணக்குக்கு வேண்டியது வேறு: சேர்ந்து, வேலை பார்த்து, பிறகு விட்டார். வாசலிலேயே மறுக்கவில்லை.

கடைசிப் பக்கம்: ஐந்தொகை

"பறக்கிறதுக்கு ஆசைப்பட்டு இருக்கிறதை விட்டுவிடாதே" என்ற பழமொழியில் இரண்டே வழிதான் இருக்கிறது. நாட்காட்டியில் மூன்றாவது ஒன்று இருக்கிறது.

2025 தேர்வை மாதிரியாக வைத்து எழுதுவோம். அறிவிப்பு வந்த ஏப்ரல் 25 அன்றே சிவகாசியிலிருந்து வேலைக் கடிதமும் வந்தது என்று கொள்ளலாம். தேர்வு ஜூலை 12. பட்டாசுத் தொழிலில் ஆடிப்பெருக்கு முக்கியமான நாள். அன்றைக்குப் பூஜை போட்டுத் தீபாவளி வியாபாரத்தைத் தொடங்குவார்கள். ஆகஸ்ட் 3. அதற்குப் பிறகுதான் கணக்குப் பிரிவில் நெரிசல் கூடும். ஆகவே அந்தப் பெண் முதலாளியிடம் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. "ஜூலை 14-ந் தேதி வந்து சேர்ந்துக்கிறேன் அண்ணாச்சி. ஆடிப் பதினெட்டுக்கு முன்னாடி மூணு வாரம் இருக்கு, வேலையைப் பழகிக்கிறேன்" என்று கேட்கலாம். இதைக் கேட்டு அண்ணாச்சி சிரிக்கலாம், சரி என்றும் சொல்லலாம். கேட்பதற்குச் செலவில்லை.

சரி என்றால் மறுப்பது 78 நாள் மட்டும். செலவு 39,330. முடியாது, மே மாதமே வேண்டும் என்றால், சேர்ந்துவிட்டுத் தேர்வுக்கு முந்தைய 30 நாளுக்குச் சம்பளமில்லா விடுப்பு கேட்கலாம். செலவு 15,127. அதுவும் முடியாது என்றால்தான் முழு மறுப்பு என்ற கேள்வியே எழும். அப்போதும் கையில் மதிப்பெண் காகிதம் இருக்க வேண்டும், அதில் நான்கு கேள்வியா நாற்பதா என்பது தெரிய வேண்டும். தேர்வு முடிந்த மறுநாள் எந்த வேலைக்கும் போகிறேன் என்று தேதி போட்டு எழுதித் தரவும் வேண்டும்.

அரசு வேலை கிடைத்து அதற்கு மேல் ஆசைப்படுகிறவர்களுக்கும் இதே கணக்குதான். குரூப் 4-இல் சேர்ந்துகொண்டு, துறையின் அனுமதியோடு குரூப் 2 எழுதுகிறவர்கள் ஒவ்வொரு தாலுகா அலுவலகத்திலும் இருக்கிறார்கள். 30,810 வாங்கிக்கொண்டு 23 மாதம் காத்திருப்பது வேறு. கையில் ஒன்றுமில்லாமல் 23 மாதம் காத்திருப்பது வேறு.

இனி இந்தக் கணக்கு எழுதிய காகிதத்தை அம்மாவிடம் கொடுக்கலாம். விழுக்காடு அவருக்கு வேண்டாம், தரவரிசையும் வேண்டாம். அவருக்குத் தெரிந்த அளவில் சொன்னால் போதும். முழு வருஷம் மறுத்தால் 540 நாள் கூலி. தேர்வு வரைக்கும் மட்டும் என்றால் 117 நாள்.

"நூத்திப் பதினேழுன்னா…" என்று அவர் விரலை மடக்குவார். எத்தனை நாள் தன்னால் முடியும் என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். அந்த எண்ணுக்கு எதிரே அவர் பெயரை எழுதிவிட்டுப் படிக்க உட்காரலாம்.